வரைபடம் இல்லாத ஜன்னல்

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் வெளியிடும் ஆண்டு மலரில் ஓய்வு பெற்ற ஒருவரின் அனுபவத்துக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். இந்த முறை சந்தனம் சேரைக் கேட்டிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து கட்டடக் கலைஞராக வந்த முதல் சிலரில் அவர் ஒருவர் என்பது மலைநாட்டில் பலருக்கும் தெரியும். "எழுதுறதெல்லாம் நமக்கு ஒத்து வராது தம்பி. என்கிட்ட வேல செஞ்ச மிஸ்ஸக் கேளுங்க" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த மிஸ் நான்தான். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயது ஆகவில்லை. ஓய்வு பெற்றவர் என்று என்னை எந்த முகத்தோடு போடுவீர்கள் என்று கேட்டேன். "அந்த வேலையில இருந்து ஓய்வுதானே மிஸ்? அந்த ஆபீசே இல்லையே" என்று மலர்க்குழுச் செயலாளர் மடக்கிவிட்டான். மறுத்துப் பேச வாய் வரவில்லை. சேர் தன் அலுவலகத்தைப் பூட்டிய அன்றோடு என் வரைபட உதவியாளர் வேலை முடிந்தது. இப்போது வரையக் கற்றுக்கொடுக்கிறேன், வரைவதில்லை. அதுவும் ஒரு வகை ஓய்வுதானே.

ஆனால் அவன் சும்மா வரவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினான். தேயிலைச் சரிவுக்கு எதிரே ஒரு சிறிய கட்டடம். அதில் சுவரளவு பெரிய ஜன்னல், கண்ணாடி முழுக்க வெள்ளை. மேலே மட்டும் ஒரு பட்டை தெளிவாக இருக்கிறது. அந்தப் பட்டைக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகச் சேலைகள் தொங்குகின்றன. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: மலையகத்துச் சேலை ஜன்னல்.

"இதோட வரைபடம் வேணும் மிஸ், அளவுகளோட. மலர்ல போடணும்."

அந்தக் கட்டடத்தின் எல்லா வரைபடங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. சுருளைப் பிரித்துப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, முழுக் கண்ணாடியாக. வெள்ளையும் இல்லை, பட்டையும் இல்லை. சேருக்குப் போன் பண்ணினேன்.

"அப்படி ஒரு ஜன்னல நான் வரையவே இல்லையே மிஸ்" என்றார்.

நானும் வரையவில்லை. அப்படியென்றால் யார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

*

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். கோடு போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். அலுவலகம் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவின் மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். ஒன்றில் சேர், மற்றதில் நானும் மழையும். ஊருக்கெல்லாம் கூரை போட்டவரின் கூரை ஒழுகியது. "வாடகைக் கட்டடம் மிஸ், நம்ம பழியில்ல" என்பார்.

சேர் உட்கார்ந்து வரைந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையைச் சுற்றி வருவார். குரலை உயர்த்த மாட்டார். பிடிக்காத கோட்டைப் பென்சிலின் பின்பக்கத்தால் தொட்டு, "இவரு யாரு மிஸ்? நமக்குச் சொந்தமா?" என்று கேட்பார். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது விருந்தாளி, அனுப்பிவிட வேண்டும். என்னைவிட நாற்பது வயது மூத்தவர், ஆனால் கடைசி நாள்வரை என்னை மிஸ் என்றுதான் அழைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்களேன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் சின்னப் பயலா இருக்கையில தோட்டத்துல பொம்பளப் புள்ளைங்கள 'ஏய்'னுதான் கூப்புட்டாங்க மிஸ். அந்த பாக்கிய இப்பதான் தீத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அவர் கட்டியவற்றில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பொல்பிட்டியப் பக்கம் சில வீடுகள், மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம், வழியெங்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள். றொசல்லைக்குப் போகும் பாதையில் ஒரு பஸ் தரிப்பிடம். அந்தத் தரிப்பிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அங்கே காற்றும் சாரலும் ரோட்டுப் பக்கமிருந்துதான் அடிக்கும். அதனால் சேர் ரோட்டுப் பக்கம் சுவர் எழுப்பி, திறந்த பக்கத்தை மலைக்குக் கொடுத்தார். உள்ளே ஒரு துளி மழை விழாது. ஆனால் உள்ளே நிற்பவர்களுக்கு பஸ் தெரியாது, பஸ்காரனுக்கு ஆட்கள் தெரியாது. சனங்கள் நனைந்துகொண்டு ரோட்டில் நின்றார்கள், உள்ளே ஆடுகள் நனையாமல் படுத்திருந்தன. பிறகு யாரோ அலவாங்கால் சுவரை உடைத்து, தலை போகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு பெரியவர் அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. சேர் அவரை நகரச் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து ஓட்டையை அளந்தார்.

"சரியான ஒசரத்துல தான் ஒடச்சிருக்கான் மிஸ்."

அடுத்த தரிப்பிடத்தை அந்த ஓட்டையோடுதான் வரைந்தோம். மாணவர்களே, இதை ஏன் சொல்கிறேன் என்றால், தன் சுவரை உடைத்தவனின் உயரத்தை மெச்சிய அதே மனிதர்தான் அந்தப் பிள்ளைக்காம்பரா ஜன்னலுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

*

பிள்ளைக்காம்பரா என்றால் என்ன என்று மலரைப் படிக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு வரி: அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா, லயத்தின் கடைசி அறையில் இருந்தது. புகையும் இருட்டுமான அறை, ஒழுகும் தகரம். புதிதாகக் கட்டித் தர ஒரு உதவி அமைப்பு முன்வந்தது. வேலை சேரிடம் வந்தது.

கடிதம் வந்த அன்று சேர் பலகையைச் சுற்றவில்லை. ஒரே இடத்தில் நின்றார்.

"நான் வளந்ததே அப்படி ஒரு காம்பராவில தான் மிஸ்" என்றார். "ஜன்னல் கெடையாது. தகரத்துல ஒரு ஆணி ஓட்ட இருந்துச்சு. அதுல கண்ண வச்சா எதிர் மலை தெரியும். எங்கம்மா அந்த மலையில எங்கயோ நிக்கிறாங்கன்னு தெரியும். நாள் பூரா கண்ண வச்சிக்கிட்டே நிப்பேன். சாயந்தரம் எங்கம்மா வந்து மூஞ்சியப் பாத்தா, ஒரு கண்ணச் சுத்தித் துரு வட்டமா ஒட்டியிருக்குமாம்."

பிறகு பென்சிலை எடுத்து, ஒரு சுவரை முழுவதுமாக அழித்தார். அந்த இடத்தில் கண்ணாடி.

இனி எங்கள் வேலை முறை. எந்தக் கட்டடத்துக்கும் முன்னால் சேர் பனி பார்ப்பார். மண் பார்ப்பது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் மற்றவர்களும் செய்வதுதான், பனி பார்ப்பது சேர் மட்டும். ஜன்னல் வரப்போகும் இடத்தில் ஒரு பெட்டியைப் போட்டு அவர் உட்கார்வார். வாழ்க்கையில் அவர் உட்கார்ந்த ஒரே வேலை அதுதான். சிவப்புத் துணி கட்டிய ஒரு கம்போடு நான் எதிர் மலையில் ஏற வேண்டும். துணி பனிக்குள் மறைந்ததும் அவர் விசில் அடிப்பார், நான் நின்றுவிட வேண்டும். மறுபடி தெரிந்ததும் இன்னொரு விசில், நான் நடக்கலாம். கேட்கச் சுலபமாக இருக்கும். பனிக்குள் நின்று பாருங்கள். விசில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. மேலேயா, கீழேயா, நான் அவரைப் பார்த்து நிற்கிறேனா, முதுகைக் காட்டி நிற்கிறேனா? ஒருமுறை மறைவதற்கான விசில் எது, தெரிவதற்கான விசில் எது என்று மறந்துபோய், ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கீழே வந்ததும் சேர் கேட்டார்:

"என்ன மிஸ், செடிக்குக் காவலா?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல சேர்."

"எனக்கு நீங்க நல்லாத் தெரிஞ்சீங்க."

அந்த மலையில் பனி சீக்கிரம் விலகிவிடுகிறது என்று சேர் முடிவுக்கு வந்தார். அது மாசி மாதம். வெயில் காலம்.

மற்றவற்றையும் யோசித்துத்தான் செய்தோம். தோட்டத்தில் அம்மாக்கள் தங்கள் பழைய சேலையிலேயே தொட்டில் கட்டுவார்கள், சேலையின் வாசத்துக்குத்தான் பிள்ளை தூங்கும். அதனால் குறுக்கே கனமான ஒரு உத்தரம் வைத்தோம். அதற்கு நேர் மேலே கூரையில் வெளிச்சம் விழும் தகடுகள். தரையில் குளிர் ஏறாமல் பலகை. ஜன்னலின் அடிவிளிம்பு தவழும் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே. ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் இருந்தது. ஒரு விருந்தாளிகூட இல்லை.

*

திறப்பு விழா வைகாசியில். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் கட்டடம் மலைக்கு நடுவே ஒரு கண்ணாடிக் குவளை மாதிரி மின்னியது. தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், பேசினார், அமைப்புக்காரர்கள் பேசினார்கள். சேரோ பிள்ளைகள் கண்ணாடியில் கை வைத்து நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் ஜெயமேரி அக்காவிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவர் அவர்தான். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

"சேர், பனி வந்தா புள்ளைங்க அழுவுது. பனி போனா சிரிக்குது. மறுக்கா பனி வந்தா மறுக்கா அழுவுது. காலையில இருந்து நான் என்னா பண்ண, பனிய வெரட்டவா?"

போய்ப் பார்த்தோம். தென்மேற்கு மழைக்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. எதிர் மலையில் அம்மாக்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்தார்கள். எல்லாரும் தலையில் ஒரே மாதிரித் துணி, இடுப்பில் ஒரே மாதிரிச் சாக்குப் படங்கு. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தெரிகிற ஒவ்வொருத்தியையும் பார்த்து "அம்மா" என்றன. யார் யாருடைய அம்மா என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. அப்போது கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் கடைசி வரிசைப் பெண் மறைந்தாள், பிறகு அடுத்தவள். ஒவ்வொரு அம்மாவாக அழிந்துபோவதை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அத்தனையும் ஒன்றாக வாய் திறந்து அழுத சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அழுகை எதிர் மலைக்குக் கேட்டது. அங்கே கைகள் நின்றன. கங்காணியின் குரலும் கேட்டது: "என்னா பராக்கு! கையி ஓடட்டும், கையி!"

"பழைய காம்பரால இப்பிடி அழுவாதுங்க சேர்" என்றார் ஜெயமேரி அக்கா. "அங்க கதவச் சாத்துனா கொஞ்ச நேரம் மொனகும், அப்பறம் வெளாடும். அம்மா போயிட்டா, சாயந்தரம் வருவா, அவ்வளவுதான். இங்க அம்மா போறா, வர்றா, போறா, வர்றா. எத்தன வாட்டிதான் தாங்கும் அதுங்க?"

சேர் பிள்ளைகளுக்குப் பின்னால் முழங்காலிட்டு, அவற்றின் உயரத்தில் தலையை வைத்து, வெள்ளையாகிப்போன கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாக்கள் ஒவ்வொருத்தராகப் பிள்ளைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். சிலர் வேலைக்கு வராமல் தங்கள் பேரை இழந்தார்கள், தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். சிலர் பள்ளிக்கூடம் போகும் மூத்த மகளை நிறுத்திக் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். கட்டடம் காலியாகத் தொடங்கியது.

அப்போதுதான் துரை சேரைக் கூப்பிட்டு அனுப்பினார். இளம் வயதுக்காரர், சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கெட்ட மனிதரும் இல்லை.

"மிஸ்டர் சந்தனம், புள்ளைங்க வரலன்னா கட்டடம் சும்மாதானே கெடக்கும்? அந்த ஜன்னல் மாதிரி வியூ நுவரெலியா ஹோட்டல்ல கூட இல்ல. வெளிநாட்டுக்காரங்க வந்து உக்காந்து தே குடிச்சுப் பாக்கலாம். மாரியம்மன் திருவிழா முடிஞ்சதும் கம்பனி ஆளுங்க பாக்க வர்றாங்க. புள்ளைங்களுக்குப் பழைய காம்பராவ கொஞ்சம் ரிப்பேர் பண்ணிக் குடுப்போம்."

நாங்கள் வெளியே வந்தோம். சேர் நடந்துகொண்டே சொன்னார்: "நம்ம ஜன்னலப் புரிஞ்சிக்கிட்ட ஒரே ஆளு இவர்தான் மிஸ்."

அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஜன்னல் அழகாக இருக்கும்வரை அது பிள்ளைகளுக்குக் கிடைக்காது. பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் ஜன்னலைக் கெடுக்க வேண்டும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அது சேருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அந்தக் கண்ணாடியைக் கெடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

*

அன்று மாலை கொழுந்தை எடை போட்ட பிறகு, பெண்களை அங்கேயே நிறுத்தி ஜெயமேரி அக்கா கூட்டம் போட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அடைச்சுப் போடுங்க சேர். பலக அடிச்சு அடைச்சுப் போடுங்க" என்றாள் ஒருத்தி.

"ஏன்டி அடைக்கணும்? நாமதான் இருட்டுல வளந்தோம், நம்ம புள்ளைங்களும் இருட்டுலயே கெடக்கணுமா?" என்றாள் இன்னொருத்தி.

"ஒன் புள்ள அழுவாது, ஒனக்கென்னா. ஒன் மொகரையப் பாக்காம இருக்கிறதே அதுக்கு நிம்மதி."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே செல்வராணி என்ற பெண் முன்னால் வந்தாள். அவளுடைய கைக்குழந்தை தருண் முந்தைய வாரம் முழுக்க அழுது அழுது, பகலில் போய்ப் பால் கொடுத்தாலும் குடிக்காமல் கிடந்தான். இனி அவனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவளும், வராவிட்டால் அடுப்பு எரியாது என்று அவள் மாமியாரும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்கு அவனப் பாக்கணுங்க சேர்" என்றாள். "மலையில நிக்கையில அவன் இருக்கானா, தூங்கிட்டானான்னு எனக்குத் தெரியணும். ஆனா அவன் என்னயப் பாக்கக் கூடாதுங்க."

"கண்ணாடிக்கு மந்திரம் போடச் சொல்லுடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, நீங்க அவனப் பாக்க முடிஞ்சா அவனும் உங்களப் பாக்க முடியும். கண்ணுக்கு ஒருவழிப் பாத கெடையாது" என்றார் சேர்.

"படிச்ச மனுசன்தானே நீங்க. பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சேர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், என்னிடம் கேட்கிறாரா தனக்குள் பேசுகிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"நான் அந்த ஆணி ஓட்டையில எங்கம்மாவப் பாத்ததே இல்ல மிஸ். மலைதான் தெரியும். பாத்திருந்தா நானும் இப்படித்தான் அழுதிருப்பேனா? இல்ல, பாக்காததாலதான் நாள் பூரா நின்னேனா?"

வாழ்நாள் முழுக்க எல்லாக் கோட்டுக்கும் பதில் கேட்ட மனிதர் கேட்ட ஒரே கேள்விக்கு நான் சும்மா இருந்தேன். இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாது.

மறுநாள் அவர் மேசன் பாஸுக்குச் சொன்னார்: கண்ணாடிக்கு உள்பக்கம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். முழுவதும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தற்காலிகமா" என்று ஒரு சொல்லை மட்டும் கடைசியில் சேர்த்தார்.

*

இனிமேல் நடந்ததுதான் மாணவர்கள் கேட்கும் சமாச்சாரம். கவனமாகப் படியுங்கள். இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

தோட்டத்தில் ஒரே ஒரு ஏணிதான் உண்டு. அது மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் கட்டக் கோயிலுக்குப் போயிருந்தது. திருவிழா முடியும்வரை கோயில்காரர்கள் அதை விடுவார்களா? மேசன் தரையில் நின்று, கை எட்டிய மட்டும் சுண்ணாம்பு அடித்தார். அவர் கை எட்டாத மேல்பகுதி அப்படியே நின்றது. ஏணி வந்ததும் மிச்சத்தை முடிப்பதாகச் சொல்லிவிட்டு அவரும் தோரணம் கட்டப் போய்விட்டார்.

அடுத்த நாள் நானும் சேரும் போனபோது, செல்வராணி தருணைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். வேறு சிலரும் விட்டிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வெள்ளைக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு டயரை உருட்டப் போய்விட்டன. சேர் உள்ளே நிற்கவில்லை. எதிர் மலைக்கு ஏறினார், நான் பின்னால். அங்கே பெண்கள் கொழுந்து பறிக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். கங்காணியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"அந்தா, பச்சக் கரை! அது எஞ்சேலடி!"

"ஏங்கடி, எனது எங்க?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சுண்ணாம்புக்கு மேலே இருந்த தெளிந்த பட்டையில் உத்தரம் தெரிந்தது. உத்தரத்தில் கட்டிய தொட்டில் சேலைகளின் மேல்பாகம் தெரிந்தது. கூரைத் தகட்டு வெளிச்சம் அவற்றின் மேல் நேராக விழுந்தது. பிள்ளை தெரியவில்லை. பிள்ளையைத் தாங்கும் சேலை தெரிந்தது. செல்வராணியின் மஞ்சள் சேலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுதுங்க சேர்" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். குனிந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். கை மட்டும் ஓடியது, கண் அடிக்கடி மேலே வந்து போனது.

மறுநாள் பெண்கள் பழைய சேலைகளைக் கழற்றிவிட்டு, எடுப்பான நிறத்தில் உள்ள சேலைகளைக் கொண்டுவந்து தொட்டில் கட்டினார்கள். ஒருத்தி கலியாணப் பட்டுச் சேலையையே கொண்டுவந்துவிட்டாள்.

"பட்டுல தொட்டில் கட்டுனா புள்ள வழுக்கிக் கீழ விழுந்துரும்டி மூதேவி!" என்று ஜெயமேரி அக்கா கத்தினார்.

"கீழ பழசக் கட்டி மேல இதச் சுத்தி வைங்க டீச்சர். எனக்குத் தூரமாப் பாத்தாத் தெரிஞ்சா போதும்."

கட்டடம் நிறைந்தது. ஆனால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தொட்டில் ஆடினால் என்ன அர்த்தம் என்பதில் மலையில் பெரிய சண்டை. ஆடினால் பிள்ளை அழுகிறது, அதனால்தான் ஆட்டுகிறார்கள் என்றது ஒரு கட்சி. ஆடினால் பிள்ளையை யாரோ கவனிக்கிறார்கள், ஆடாவிட்டால்தான் பயம் என்றது இன்னொரு கட்சி. செல்வராணி இரண்டிலும் சேரவில்லை. அதோடு கொழுந்து பறிக்கும் முறை மாறி வேறு மலைக்குப் போகும் நாட்களில் ஜன்னலே யாருக்கும் தெரியாது. படத்துக்குக் கீழே அடையாளம், பெருமை என்றெல்லாம் எழுதுகிற தம்பிகள் இதையும் எழுத வேண்டும்.

திருவிழா முடிந்தது. துரை கம்பனி ஆட்களோடு வந்தார். அவர்கள் உள்ளே நுழைந்து, இடுப்பில் கை வைத்து, சுண்ணாம்பைப் பார்த்தார்கள். வியூ இல்லை. தலைக்கு மேலே சேலைகளும், அவற்றுக்குள் தூங்கும் பிள்ளைகளும், உதட்டில் விரலை வைத்து "ஸ்" என்று மிரட்டும் ஜெயமேரி அக்காவும்தான் இருந்தார்கள். துரை சேரைப் பார்த்தார், சேர் துரையைப் பார்த்தார்.

"இது தற்காலிகம்தானே மிஸ்டர் சந்தனம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் துரை.

சேர் பதில் சொல்வதற்குள் வாசலில் மேசன் ஏணியோடு வந்து நின்றார். கோயிலில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"சேர், மேல உள்ளதையும் அடிச்சிரவா, இல்ல கீழ உள்ளதச் சொரண்டிரவா?"

எல்லாரும் சேரையே பார்த்தார்கள். மேலே அடித்தால் அம்மாக்களுக்குச் சேலை தெரியாது. கீழே சுரண்டினால் அவர் ஆசைப்பட்ட ஜன்னல் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், கட்டடம் பிள்ளைகள் கையை விட்டுப் போகும். சேர் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலுவலகத்தில் பலகையைச் சுற்றுவது போல அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏணியக் கோயில்லயே குடுத்திருங்க பாஸ்" என்றார். "நமக்கு வேண்டாம்."

துரை தலையசைத்தார். கோபமா, நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை. கம்பனி ஆட்கள் தங்கள் தேநீர்க் கடைக்குப் பழைய ஸ்டோர்க் கட்டடத்தைப் பார்க்கப் போனார்கள்.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். "சேர், இப்ப உள்ளபடி வரைஞ்சு வைக்கவா?"

"எத வரைவீங்க மிஸ்? மேசனோட கை நீளத்தயா?"

துரையும் போன பிறகு சேர் மேசனிடம் ஒரு ஆணி கேட்டு வாங்கினார். ஜன்னலுக்கு முன்னால் முழங்காலிட்டார். நடை பழகும் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று கையால் காற்றில் அளந்து பார்த்தார். அந்த இடத்தில் ஆணி முனையால் சுண்ணாம்பைச் சுரண்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. எழுந்து தூசி தட்டிக்கொண்டு, செய்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் போல ஜெயமேரி அக்காவைப் பார்த்தார்.

"பாக்க வேணாம்னு நெனைக்கிறது பாக்காது. பாக்கணும்னு ஒண்ணு இருந்தா..."

மாலையில் தருணைத் தூக்க வந்த செல்வராணி அந்த ஓட்டையைக் கண்டாள். விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஒத்தக் கண்ணுதானே. கெடக்கட்டும்" என்றாள்.

*

சேர் அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் கட்டவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும், கோடு நடுங்கினால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டு அலுவலகத்தைப் பூட்டினார். ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன், வரைபடம் இல்லாவிட்டால் அளந்தாவது வருவோம் என்று. பட்டையை அளந்தேன், அது ஒரு மேசனின் கை எட்டாத மிச்சம். உத்தரத்தை அளந்தேன், அது எங்கள் வரைபடத்தில் இருப்பதுதான். பிறகு முழங்காலிட்டு ஓட்டையை அளக்கப் போனேன். அது பட்டாணி அளவில் இல்லை. ஒரு கொய்யாக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது, விளிம்பெல்லாம் விரல் தடங்கள்.

"அதுக்கு அளவு கெடையாது மிஸ்" என்றார் ஜெயமேரி அக்கா. "புள்ளைங்க நோண்டி நோண்டிப் பெருசாக்குதுங்க. ரொம்பப் பெருசானா நான் சுண்ணாம்பப் பூசி, ஒரு ஆணியால சின்னதாக் குத்தி வுடுவேன். திரும்ப நோண்டும். எந்நேரமும் யாராவது ஒண்ணு அங்க நிக்குது."

"அழுவுதா அக்கா?"

"சிலது அழுவுது. சிலது பாட்டுக்கு நிக்குது."

நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தேன். குனிந்து அந்த ஓட்டையில் என் கண்ணை வைத்தேன். பனி. ஒன்றும் தெரியவில்லை. விலகட்டும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் தோளைப் பிடித்துத் தள்ளியது. திரும்பினேன். மூக்கு ஒழுக ஒரு பெண் குழந்தை, ஒரு கண்ணைச் சுற்றி வட்டமாகச் சுண்ணாம்பு. என்னை நகரச் சொல்லி மறுபடி தள்ளியது.

நகர்ந்து இடம் விட்டேன்.